முதுகா, முழங்காலா: அம்மாவுக்கு எந்த அறுவை சிகிச்சை, எப்போது?

கேள்வி: செம்பருத்தி, திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 64 வயது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கியும், தரையில் குந்தி உட்கார்ந்து காய் நறுக்கியுமே அவருடைய பணிக்காலம் கழிந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறார்.

முழங்கால் வலி அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. வலது கால் வெளிப்புறமாக வளைந்திருக்கிறது. உட்கார்ந்து எழும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கும். நாலடி எடுத்து வைத்த பிறகு கொஞ்சம் இளகும். இது அவருக்குப் பழகிப்போன வலி. ஆனால் சென்ற ஆண்டிலிருந்து வேறொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைகூட அவரால் ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பாதி வழியிலேயே இரண்டு கெண்டைக்கால்களும் கனத்து, மரத்து, இழுத்துப் பிடிப்பதாகச் சொல்லி எங்காவது ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். சிறிது நேரம் கழித்து எழுந்து நடந்தால் மீண்டும் அதே நிலை.

முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, மிக முற்றிய நான்காம் நிலைத் தேய்மானம் என்றும், இரண்டு முழங்கால்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்றும் கூறினார். இன்னொரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. பார்த்தார்கள். இடுப்புப் பகுதியில் எல்3-எல்4, எல்4-எல்5 (இடுப்பின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே) ஆகிய இடங்களில் நரம்புகள் செல்லும் குழாய் குறுகியிருப்பதாகவும், நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் சற்று முன்னால் நகர்ந்திருப்பதாகவும், அழுத்தத்தை நீக்குவதோடு திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உடனே செய்யாவிட்டால் கால்கள் செயலிழந்துவிடக்கூடும் என்று அங்கே சொன்னது வீட்டில் எல்லோரையும் கலங்க வைத்துவிட்டது. உறவினர் ஒருவர், முழங்காலில் சிறு துளையிட்டுக் கழுவி விட்டாலே போதும் என்கிறார்.

அம்மா இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கும் அஞ்சுகிறார். எது முதலில் தேவை, எதுவும் இப்போது தேவைதானா, காத்திருந்தால் உண்மையிலேயே ஆபத்து உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி: இயன்முறை மருத்துவர், திருச்சி

வணக்கம் சகோதரி. உங்கள் தாயாருக்கு இருப்பது ஒரே வலி அல்ல, வெவ்வேறு இடங்களிலிருந்து கிளம்பும் இரண்டு வலிகள் என்றே உங்கள் விவரிப்பைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. அவற்றைப் பிரித்து அறியாமல் எந்த அறுவை சிகிச்சைக்கும் நாள் குறிக்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

மூட்டுத் தேய்மான வலி, ஓய்வுக்குப் பின் எடுத்து வைக்கும் முதல் அடிகளில் கூடுதலாக இருக்கும். படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் மூட்டின் உட்பக்கத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கும். நரம்புக் குழாய் குறுகியதால் வரும் தொல்லை இதற்கு மாறானது. உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றுமே தெரியாது. நிமிர்ந்து நிற்கவும் நடக்கவும் தொடங்கியபின் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கனமும் மரமரப்பும் ஏறும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விலகும். நிமிரும்போது அந்தக் குழாய் இன்னும் குறுகுவதும், குனியும்போது சற்று விரிவதுமே இதற்குக் காரணம். அதனால்தான் இத்தொல்லை உள்ளவர்கள் குழந்தை வண்டியையோ கடைத் தள்ளுவண்டியையோ பிடித்துக் குனிந்தபடி நெடுந்தூரம் நடந்துவிடுவார்கள். நூறு மீட்டர் நடக்க இயலாதவர் மிதிவண்டியை எளிதாக மிதிப்பதையும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபட்டாலும் நடக்கும்போது கெண்டைக்கால் பிடிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அரிதன்று. வேறுபாடு என்னவென்றால், தமனி அடைப்புள்ளவர் உட்காரத் தேவையில்லை, அப்படியே நின்றாலே வலி குறைந்துவிடும். குழாய் குறுகியவருக்கோ நிற்பதே வலியைக் கூட்டும். பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிய சோதனைகள். இவற்றைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரவில் உள்ளங்கால் எரிச்சல் இருந்தால் அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்; முதுகில் கத்தி வைத்தாலும் அது போகாது. இடுப்பு மூட்டையும் சோதிக்க வேண்டும். தொடையைச் சுழற்றும்போது கவட்டையில் வலித்தால், முழங்காலில் உணரும் வலியின் ஊற்று இடுப்பு மூட்டாகக்கூட இருக்கலாம்.

முழங்காலைத் துளையிட்டுக் கழுவும் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறி அறுவை சிகிச்சை நடந்ததுபோல் காட்டினார்கள். உண்மையாகவே மூட்டைக் கழுவிச் சுரண்டிய மற்றவர்களுக்கு அவர்களைவிடக் கூடுதலாக எந்தப் பயனும் கிடைக்கவில்லை. தேய்மானத்துக்கு மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முழங்காலுக்குத் தொடையின் முன்தசைதான் முதல் துணை. மடித்த துண்டை முழங்காலின் கீழ் வைத்து அழுத்திப் பிடிப்பது, படுத்தவாறு காலை நீட்டி உயர்த்துவது, கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது ஆகியவற்றை நாள்தோறும் செய்யட்டும். முதுகுக்கு, மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மார்பை நோக்கி அணைக்கும் பயிற்சியும், அடிவயிற்றுத் தசைகளை இறுக்கும் பயிற்சியும் உதவும். பின்னால் வளையும் பயிற்சிகளை விட்டுவிட வேண்டும். நடைக்கு மாற்றாக நிலைமிதிவண்டி மிக ஏற்றது. இரண்டு தொல்லைகளுக்கும் அது ஒத்துவரும். எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே 5 கிலோ குறைப்பது சிறிய செயல் அல்ல. வலது முழங்கால் மோசமாக இருப்பதால் ஊன்றுகோலை இடது கையில் பிடிக்க வேண்டும்; பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள்.

இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது: பல இடங்களில் இயன்முறை சிகிச்சை என்ற பெயரில் மின்தூண்டல் கருவியையும் இழுவைக் கட்டிலையும் மட்டும் பயன்படுத்தி, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு “பிசியோதெரபி செய்து பார்த்தோம், பயனில்லை” என்று குறிப்பெழுதி அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள். மேற்பார்வையோடு பயிற்சியை மட்டுமே நம்பி 12 வாரம் செய்த பிறகுதான் பயன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மருத்துவமனைக்கு அடிக்கடி போக முடியாது என்றால், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.


மறுமொழி: முதுகுத்தண்டு அறுவை மருத்துவர், கோவை

முந்தைய பதிவில் சொல்லியிருப்பதை அப்படியே வழிமொழிகிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஆகவே முடிவுக்கு வரும் வழியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், உங்களைக் கலங்க வைத்த அந்தச் சொல்லைப் பற்றி. தண்டுவடம் என்பது பெரும்பாலோருக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, உங்கள் தாயாருக்குக் குறுகியிருக்கும் இடங்களில், தனித்தனி நரம்பு வேர்கள்தான் குழாய்க்குள் இறங்குகின்றன. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வரும் அழுத்தத்தை அவை பெருமளவு தாங்கிக்கொள்ளும். இந்நோய் கொண்டவர்களில் கணிசமானோர் ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ அதே நிலையில் இருக்கிறார்கள், சிலர் தேறுகிறார்கள், சிலருக்குக் கூடுகிறது. திடீரென்று கால் செயலிழப்பது அரிது. எனவே “இன்றே செய்யாவிட்டால்” என்ற அச்சத்தில் முடிவெடுக்க வேண்டியதில்லை. வருமுன் காப்பதற்காக என்று செய்யும் அறுவை சிகிச்சையும் அல்ல இது.

ஆனால் காத்திருக்கவே கூடாத நிலைகள் உண்டு. அவற்றை வீட்டில் உள்ள அனைவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். சிறுநீர் முட்டியும் வெளியேறாமல் நிற்பது அல்லது உணர்வே இல்லாமல் வழிவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, ஆசனவாயைச் சுற்றியும் உள்தொடையிலும் தொடுவுணர்வு மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அதே இரவில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே மணிக்கணக்குதான் பேசும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்குவது, இயன்றால் அதற்கும் முன்பாகவே நீக்குவது, சிறுநீர்ப் பையின் செயலை மீட்க மிக முக்கியம். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவதும், அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவதும் அடுத்த நிலை அவசரம். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் தீராத இரவு வலி ஆகியவை சேர்ந்து வந்தால் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். (முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே, நோயாளி நடமாடிக்கொண்டே மருந்து உட்கொண்டு குணமாக முடியும் என்பதைக் காட்டிய ஆய்வுகளில் சென்னையில் நடந்த ஆய்வு முக்கியமானது என்பதை நம்மூர்க்காரர்கள் பெருமையோடு நினைவில் வைக்கலாம்.)

கழுத்தையும் மறக்க வேண்டாம். இடுப்பில் குழாய் குறுகியவர்களில் சிலருக்குக் கழுத்திலும் குறுகியிருக்கும்; அங்கே இருப்பது நரம்பு வேர் மட்டுமல்ல, தண்டுவடமே. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுதல், கையெழுத்து மாறுதல், இருட்டில் தள்ளாடும் நடை ஆகியவை இருந்தால் கழுத்தைச் சோதிக்க வேண்டும். அந்த நோயில் தாமதம் உண்மையிலேயே தீங்கு செய்யும்.

அடுத்து எம்.ஆர்.ஐ. அறிக்கை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றை என்னிடம் வருபவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வேன். எந்த வலியும் இல்லாத 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கும், 60 வயதினரில் 88 விழுக்காட்டினருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டில் தேய்மானம் தெரிந்தது. அறிக்கையில் வரும் தேய்மானம், பிதுக்கம், உலர்ந்த தட்டு போன்ற சொற்கள் பெரும்பாலும் வயதின் அடையாளங்களே. படத்தில் தெரியும் குறுக்கமும், அவர் சொல்லும் தொல்லையும், நான் தொட்டு அறியும் தசைவலுவும் உணர்வும் ஒரே நரம்பைச் சுட்டும்போதுதான் அந்தப் படத்துக்கு மதிப்பு. உங்கள் தாயாருக்கு நடை வரலாறும் படமும் ஒத்துப்போவதுபோல் தெரிகிறது. ஆகவே நோய் உண்டு என்றே கொள்ளலாம். கேள்வி, அதற்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதுதான்.

அழுத்தம் நீக்கும் அறுவை சிகிச்சையையும் முறையான இயன்முறை சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 169 பேர் இருந்தனர். இரண்டு ஆண்டுக்குப் பின் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இதை மட்டும் படித்துவிட்டு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று சொல்வது நேர்மையாகாது. ஏனெனில் பயிற்சிப் பிரிவில் இருந்தவர்களில் 57 விழுக்காட்டினர் அந்த இரண்டு ஆண்டுக்குள் தாங்களாகவே அறுவை சிகிச்சைக்கு மாறிக்கொண்டனர். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: முதலில் பயிற்சியைச் செய்து பார்ப்பதால் இழப்பு ஏதுமில்லை, அதில் தேறாதவர் பிறகு அறுவை சிகிச்சைக்கு வருவதில் தவறும் இல்லை. முதுகில் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். குழாய்க் குறுக்கம் கொண்ட 400 பேரிடம் நடத்திய 2014 ஆய்வில், ஸ்டீராய்டு சேர்த்த ஊசி வெறும் மரப்பு மருந்து ஊசியைவிட ஆறாவது வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

திருகாணி வைப்பது பற்றித்தான் நீங்கள் மிகக் கவனமாகக் கேட்க வேண்டும். நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்த தசைநாரையும் அகற்றுவது ஒன்று. முள்ளெலும்புகளைத் திருகாணியிட்டு நிரந்தரமாக இணைப்பது வேறு. இரண்டாவதில் இரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் காலமும் செலவும் கூடுதல். ஸ்வீடனில் 247 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு முன்னால் நகர்ந்தவர்களுக்கும்கூட, இணைப்பைச் சேர்த்துச் செய்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. 2021-இல் வெளிவந்த நார்வே ஆய்வும், நகர்ந்த எலும்பு உள்ளவர்களுக்கு அழுத்த நீக்கம் மட்டும் செய்வது இணைப்புக்குச் சளைத்ததல்ல என்று கண்டது. 2016-லேயே வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு இணைப்புக்குச் சற்றுச் சாதகமாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. எலும்பு அசைவில் மிகவும் ஆடுகிறதா என்பதே இங்கு முக்கியம். முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேக்கள் அதைக் காட்டும். அவற்றை எடுக்காமலே திருகாணி வைக்கச் சொல்லியிருந்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். ஏன் என் அம்மாவுக்கு அழுத்த நீக்கம் மட்டும் போதாது என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அறுவை சிகிச்சை கால் தொல்லையைத்தான் நன்கு தீர்க்கும். முதுகுவலியை அந்த அளவுக்குத் தீர்க்காது. முதுகுவலி போகும் என்ற எதிர்பார்ப்போடு மேசையில் ஏறுபவர்கள்தான் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள்.

எது முதலில் என்பதற்குப் பொதுவான நெறி: தசைவலு குறைந்துகொண்டே வந்தால் முதுகு முதலில். அப்படி இல்லாவிட்டால், அவருடைய அன்றாட வாழ்வை எது கூடுதலாகத் தடுக்கிறதோ அது முதலில். சந்தேகம் நீங்காவிட்டால் முழங்கால் மூட்டுக்குள் மரப்பு மருந்தை மட்டும் செலுத்தி, அடுத்த சில மணி நேரம் அவரை நடக்க வைத்துப் பார்க்கலாம். எந்த வலி மறைகிறது, எது நிற்கிறது என்பதிலிருந்து வலியின் ஊற்று தெரிந்துவிடும்.


மறுமொழி: தந்தைக்கு முழங்கால் மாற்றிய வாசகர், சேலம்

என் தந்தைக்கு இரண்டு முழங்கால்களும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து மாற்றப்பட்டன. இப்போது அவர் காலையில் தனியாகக் கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் யாராவது கேட்டால் சில செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

முதலாவது, தரை. மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரை மடங்கும்; குந்தி உட்கார அதற்கு மேல் வேண்டும். தரையில் சம்மணமிடுவதையும் நம்மூர்க் கழிப்பறையையும் பெரும்பாலோர் விட்டுவிடத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் தாயார் தரையிலேயே புழங்கிப் பழகியவர் என்பதால் இதை அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே மேற்கத்தியக் கழிப்பறையும் சுவரில் கைப்பிடியும் உயரமான கட்டிலும் வீட்டில் அமைத்துவிடுங்கள். சொல்லப்போனால், இந்த மாற்றங்களைச் செய்தவுடனேயே என் தந்தையின் வலி ஓரளவு குறைந்து, நாங்கள் முடிவெடுக்க இன்னும் கொஞ்சம் காலம் கிடைத்தது.

சர்க்கரை அளவு மிக முக்கியம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1சி. 8-க்கு மேல் இருந்ததால் எங்கள் மருத்துவர் நாளைத் தள்ளிவைத்தார். பல் சொத்தை, காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் சரிசெய்த பின்னரே ஒப்புக்கொண்டார். புதிய மூட்டில் கிருமி புகுந்தால் அதைக் கழற்றி எடுக்கும் நிலைகூட வரலாம். நூற்றில் ஒருவர் இருவருக்கு அப்படி நேர்வதாக அவர் விளக்கினார். முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் கழித்தே மாற்ற வேண்டும் என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது இதயத்துக்குக் கூடுதல் சுமை என்பதால் சர்க்கரை நோயாளியான தந்தைக்கு அவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. உங்கள் தாயாருக்கும் இதய மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒரே நேரத்தில் செய்யச் சம்மதிக்காதீர்கள்.

தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு பகுதி மரத்துப் போகும். பல மாதங்களுக்கு மூட்டு சூடாகவும் வீக்கமாகவும் இருக்கும். இவை இயல்பானவை என்று முன்பே தெரிந்திருந்தால் வீட்டில் பதற்றம் இருக்காது. தொடக்க வாரங்களில் மூட்டை மடக்கும் பயிற்சி வேதனையாகத்தான் இருக்கும். அதைத் தவறவிட்டால் மூட்டு இறுகிவிடும். முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டு நீடிப்பதாக 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு ஆய்வு கணித்தது. ஆகவே 64 வயது என்பது மிக முன்னதாகச் செய்வதும் அல்ல. எனினும், மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழு மன நிறைவு அடைவதில்லை என்பதையும் மருத்துவர் சொன்னார். வலியின் காரணம் முழங்காலே இல்லை என்பதும் அதற்கான காரணங்களில் ஒன்றாம். வலியின் ஊற்றை முதலில் பிரித்து அறியும்படி இங்கே மேலே எழுதியவர்கள் ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பது இப்போது எனக்கும் விளங்குகிறது.

செலவைப் பற்றி: செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது; மருத்துவமனை தரும் கட்டணப் பட்டியலில் மூட்டின் விலை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு; மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டால் எந்தெந்த ஆவணங்கள் தேவை என்று சொல்வார்கள்.


செம்பருத்தி, திண்டுக்கல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அம்மாவோடு சேர்ந்து நடந்து பார்த்தேன். நின்றுகொண்டே ஓய்வெடுக்கச் சொன்னபோது கால் கனம் குறையவே இல்லை. கோயில் மதிலைப் பிடித்துக் குனிந்து நின்றபோது குறைந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். இரண்டையும் நன்றாகத் தூக்குகிறார். அடுத்த வாரம் வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, குனிந்தும் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயையும் பாதத் தமனிச் சோதனையையும் கேட்கப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இருமும்போதும் தும்மும்போதும் அம்மாவுக்குச் சிறுநீர் சில சொட்டுகள் கசிகிறது. கூச்சத்தால் இதுவரை சொல்லவில்லை; நான் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார். பல ஆண்டுகளாகவே அப்படித்தானாம். கோவை மருத்துவர் ஐயா எழுதிய அவசர நிலை இதுதானா?


மறுமொழி: முதுகுத்தண்டு அறுவை மருத்துவர், கோவை

கேட்டது மிக நல்லதாயிற்று. நம் தாய்மார்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

பல ஆண்டுகளாக இருமும்போது மட்டும் கசிவது, பெரும்பாலும் பிரசவங்களுக்குப் பின் இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் தளர்ந்ததால் வருவது. சர்க்கரை கூடினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அது மிகும். நரம்பு வேர்கள் நசுங்கி வரும் தொல்லை அப்படி இராது: அண்மையில் தொடங்கியதாக இருக்கும், சிறுநீர் வருகிறது என்ற உணர்வே மங்கும், முக்கி முக்கித்தான் வெளியேறும், முழுதும் கழிந்த நிறைவு இராது, துடைக்கும்போது அந்த இடத்தின் தொடுவுணர்வு குறைந்திருக்கும். அம்மாவிடம் இந்தக் கேள்விகளை நீங்களே தனியாகக் கேளுங்கள். ஒரு பெண்ணிடம், அதிலும் மகளிடம், அவர் தயங்காமல் பதில் சொல்வார்.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. சிறுநீர் கழித்தவுடன் அடிவயிற்றில் ஸ்கேன் செய்து, பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். எந்த ஊரிலும் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். மிகக் குறைவாகத் தங்கியிருந்தால் நரம்பைப் பற்றிய கவலை பெரிதும் குறையும். 200 மில்லிக்கு மேல் தங்கியிருந்தால், அடுத்த வாரம் வரை காத்திராமல் எம்.ஆர்.ஐ. படத்தோடு அன்றே ஒரு முதுகுத்தண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயும் பையின் நரம்புகளைத் தளர்த்தி இப்படித் தேக்கக்கூடும். எது காரணம் என்று அவர் பிரித்து அறிவார்.

பாதங்களை நன்கு தூக்குகிறார் என்பது நல்ல செய்தி. அதோடு நில்லாமல், குதிகாலால் நான்கு அடியும், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தால் நான்கு அடியும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்து, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 12 வாரப் பயிற்சிக்குப் பின் அந்த நோட்டை மருத்துவர் முன் வையுங்கள். நடக்கும் தூரம் கூடியிருந்தால் முதுகு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, முழங்காலுக்கு என்ன தேவை என்பதைத் தனியாகப் பேசலாம். தூரம் குறைந்துகொண்டே வந்தாலோ, அவரே “இப்படி வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க என்னால் ஆகாது” என்று சொன்னாலோ, இணைப்பு இல்லாத அழுத்த நீக்கத்தைப் பற்றி முதலில் கேளுங்கள்.